மதகு இல்லாத தண்ணீர்

அக்கா,

அந்துருண்டை வாசனையை எதிர்பார்த்துத்தான் நேற்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். உன் பேத்திக்குப் போர்த்த ஒரு பழைய பருத்திப் புடவை வேண்டியிருந்தது. மூன்றாவது புடவைக்கு அடியில் அந்த மஞ்சள் பை. அதைத் தூக்கியதுமே வேறு வாசனை வந்தது. சேறு, உப்பு, ஈரத்துணி. பன்னிரண்டு வருஷம் ஒரு துணியில் உப்பு வாசனை நிற்காது என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் மறுபடி முகர்ந்து பார்த்தேன்.

பைக்குள் ஒரு முழம் நீலம், ஒரு முழம் அரக்கு, நடுவில் கல் மாதிரி ஒரு முடிச்சு. நீலம் உன்னுடையது, அரக்கு என்னுடையது. ஈரத்தில் இறுகி அவிழாமல் போய், கடைசியில் டீக்கடையில் கத்தரிக்கோல் வாங்கி இரண்டு முந்தானையையும் வெட்டி எடுத்தோமே, அதே முடிச்சு. பையை மூடுவதற்குள் உன் மகள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டாள்.

"இன்னா சித்தி இது? கல்யாணத்துல போட்ட முடிச்சா?"

"ஒண்ணுமில்லம்மா. பழந்துணி."

"பழந்துணிக்கா இப்டி மறைக்கிறீங்க?" என்று சிரித்தாள். அப்படியே உன் சிரிப்பு. பிறகு போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "துணி கெடக்கட்டும். ஞாயித்துக்கிழம வரீங்களா, மாட்டீங்களா? அத சொல்லுங்க."

போனில் யாரோ ஒரு பையன் நடந்துகொண்டே பேசினான். யாருக்கும் தெரியாத கடற்கரையாம், கூட்டமே இல்லையாம், கழி என்கிற உப்புத்தண்ணீர் ஓடையைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் மணல்திட்டு முழுக்க நமக்கே நமக்காம். தண்ணீர் முட்டிக்குத்தான் இருக்கும், குழந்தைகளைக்கூட நடத்திக் கூட்டிப் போகலாம் என்றான். அவனுக்குப் பின்னால் தெரிந்த வளைந்த பனைமரத்தை எனக்குத் தெரியும் அக்கா. அந்த மணல்திட்டை எனக்குத் தெரியும்.

"அம்மா போன எடம் சித்தி இது. செய்யூர் தாண்டி, வளைஞ்ச பனமரம், கழின்னு அம்மா எங்கிட்ட மட்டும் ரகசியமா சொல்லிக்கினே இருக்கும். அங்க போயி உக்காந்தா அம்மா பக்கத்துல கீறாப்ல இருக்கும். குட்டிக்கும் காட்டணும். நீங்க வரலன்னா நாங்க ரெண்டு பேரும் போயிக்கிறோம், போங்க."

நான் காலண்டரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் முழு வட்டம் போட்டிருந்தது. பௌர்ணமி.

அதனால்தான் இன்று சமையலை முடித்துவிட்டு, அவர்கள் இரண்டு பேரும் தூங்குகிற இந்த மத்தியான நேரத்தில் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றுபோன படிப்பு. மளிகைப் பொட்டலக் காகிதத்தையும் பஞ்சாங்கத்தையும் படித்துப் படித்துக் கற்ற எழுத்து. பிழை இருந்தால் உயிரோடு இருந்தபோது கேலி செய்த மாதிரி இப்போதும் செய்துகொள். உன்னிடம் ஒரு அனுமதி கேட்க வேண்டும். அதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு முறை எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டும்.

இந்த வீட்டுக்கு நான் சின்ன மருமகளாக வந்தபோது நீ பெரிய மருமகளாக ஆறு வருஷம் பழகியிருந்தாய். எதற்கும் நீ பயந்து நான் பார்த்ததில்லை. நான் எல்லாவற்றுக்கும் பயந்தேன். கேஸ் அடுப்பின் திருகை மூன்று முறை தொட்டுப் பார்ப்பேன். வீட்டுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் யார் எத்தனை மணிக்கு வெளியே போனார்கள், எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்று இரண்டு பத்தி போட்டு எழுதுவேன். இரண்டாவது பத்தி நிரம்பினால்தான் எனக்குத் தூக்கம் வரும். "போலீஸ் ஸ்டேஷன்ல கூட இப்டி எழுத மாட்டாங்கடி" என்பாய்.

உனக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து நாள் அடுப்பு. வீட்டில் ஏழு நாளும் அடுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாய்.

"இந்த மீனு எங்கேர்ந்துடி வருது?"

"செய்யூர் பக்கத்துலேர்ந்துன்னு கூடக்காரம்மா சொல்லும்."

"நம்மள பாக்க அது இம்மாம் தூரம் வருது. நாம ஒருநாள் போயி அத பாத்தா இன்னா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு. உத்திரமேரூரிலிருந்து மதுராந்தகம், அங்கிருந்து செய்யூர், பிறகு ஷேர் ஆட்டோ. மாமல்லபுரம் போகலாமே என்று நான் கேட்டதற்கு, "அங்க போனா நம்ம தெருவே எதுர்ல வரும்டி. நம்மள தெரிஞ்ச ஒரு மூஞ்சியும் இல்லாத எடமா பாரு" என்றாய். அப்படிப் பார்த்துப் பார்த்து ஐந்தாறு ஊர் கண்டுபிடித்தோம். சவுக்குத்தோப்பு முடிகிற இடத்தில் சட்டென்று கடல் நிற்கிற ஊர் ஒன்று. உப்பளத்து வரப்பில் ஒற்றையடியாக நடந்து போக வேண்டிய ஊர் ஒன்று. ஒரு சின்ன மாதா கோயிலும் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர் ஒன்று. அங்கே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நம்மைப் பார்த்து, "யார தேடுறீங்க?" என்று கேட்டார்கள். "யாரையும் தேடல. சும்மா உக்கார வந்தோம்" என்றாய் நீ. அவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏ, இவங்க சும்மா உக்கார பஸ் ஏறி வந்துக்கீறாங்கடி!" என்று தெருமுழுக்கச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் கோயிலுக்குப் போவதாகச் சொன்னோம். பொய்யாகிவிடக் கூடாது என்று நான் உன்னை இழுத்துப்போய்ச் செய்யூரில் முருகனைக் கும்பிட வைத்த பிறகுதான் கடல். விபூதியை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வேன். "கோயிலுக்குப் போறவங்க செருப்புல ஏன் இம்மாம் மணலு கீது?" என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார். நீ தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "சாமி மணல்லதான் கீறாரு. இன்னா பண்றது, அவர போயி சிமெண்ட் போட சொல்லவா?" என்றாய்.

நீ அலை வந்து தொடுகிற இடத்தில் காலை நீட்டி உட்காருவாய். ஒரு மணி நேரம் வாயே திறக்க மாட்டாய். நான் பத்தடி பின்னால், சாப்பாட்டுப் பையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு அலைக்கும் காலை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "நீ கடல பாக்க வந்தியா, கடலுக்குக் காவலுக்கு வந்தியா?" என்று திரும்பாமலே கேட்பாய்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். பேனாவை இரண்டு முறை மூடித் திறந்துவிட்டேன்.

அது பங்குனிப் பௌர்ணமி. ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வருகிறது என்று நாள் பார்த்துச் சொன்னவள் நான். கடலிலிருந்து முழு நிலா எழுவதை ஒரு முறை கும்பிட்டுவிட்டால் போதும் என்று உன்னைக் கெஞ்சியவளும் நான். உனக்குச் சாயங்காலம் சீக்கிரம் திரும்ப வேண்டும், மறுநாள் பள்ளிக்கூடம். ஆனாலும் சரி என்றாய்.

கோயில் முடிந்து அந்த ஊருக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. வளைந்த பனைமரத்தடியில் நீ புளிச்சோறு சாப்பிட்டாய். எனக்கு விரதம், வாழைப்பழம். எதிரே கழி. அதன் அகலம் நம் தெருவின் அகலம்தான் இருக்கும். அதைத் தாண்டினால் வெள்ளை மணல்திட்டு, அதற்கப்பால் கடல். தண்ணீர் தெளிவாக, அடியில் நண்டு ஓடுவது தெரிகிற மாதிரி இருந்தது. நீ இறங்கினாய். முட்டிக்குத்தான்.

"வா. நம்ம ஏரிக் கால்வாய்கூட இதவிட ஆழம்."

"திரும்பி வரும்போது ஜாஸ்தியாச்சின்னா?"

"எப்டிடி ஜாஸ்தியாகும்? மழயா பேஞ்சிது? பங்குனி வெயிலு மண்டைய பொளக்குது."

அதில் எனக்கும் சந்தேகம் வரவில்லை அக்கா. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற எனக்கே வரவில்லை. நாம் ஏரிக்கரையில் வாழ்ந்தவர்கள். மழை பெய்தால் தண்ணீர் ஏறும், மதகைத் திறந்தால் இறங்கும், வெயிலில் வற்றும். தண்ணீரைப் பற்றி நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மத்தியானம் முட்டியளவு இருந்த தண்ணீர் சாயங்காலமும் முட்டியளவுதான் இருக்கும் என்பது சூரியன் கிழக்கே உதிக்கும் என்பது மாதிரி நமக்கு.

அந்த மத்தியானம் மாதிரி ஒன்றை நான் அதற்குப் பிறகு அனுபவித்ததில்லை. மணல்திட்டில் நாம் இரண்டு பேர்தான். நீ முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினாய். நான் பத்தடியை ஐந்தடியாகக் குறைத்துக்கொண்டேன். நம் இரண்டு பேர் முதுகும் கழிப் பக்கம் இருந்தது. சாயங்காலம் கடலுக்குமேல் செம்பு நிறத்தில் நிலா தலைகாட்டியது. நான் கற்பூரம் ஏற்றினேன், காற்றில் நிற்கவில்லை. கையால் மறைத்துக்கொண்டு, பிள்ளைகள், வீட்டுக்காரர், நீ, உன் வீட்டுக்காரரான பெரியவர், எல்லோருக்கும் ஆயுளைக் கேட்டேன். பிறகு திரும்பினோம்.

கழி இல்லை. அந்த இடத்தில் ஒரு ஆறு இருந்தது. சத்தமே இல்லாமல் உள்ளே, உள்ளே என்று போய்க்கொண்டிருந்தது.

நீ கொஞ்ச நேரம் அதையே பார்த்தாய். பிறகு நீ செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் நடுக்கமும் ஒன்றாக வருகிறது. வாயில் கையைக் குவித்து, தண்ணீர் வந்த பக்கம் பார்த்து, உரக்கக் கத்தினாய்:

"யார்ப்பா அது மதகு தொறந்தது? பொம்பளைங்க இந்தப் பக்கம் கீறோம். மூடுங்கப்பா!"

நானும் உன்னோடு சேர்ந்து கத்தினேன். "மூடுங்கப்பா! மதக மூடுங்க!"

எதிர்க்கரையோரம் மார்பளவுத் தண்ணீரில் ஒரு அம்மா நின்றிருந்தாள். பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் தண்ணீருக்கடியில் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். நம் கூச்சலைக் கேட்டுப் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னா மதகு? எந்த மதகு? ஏத்தம்மா இது! கடலு ஏறுது! இன்னும் ஏறும். நிக்காத, இப்பவே எறங்கி வா!"

"நீச்சல் தெரியாதும்மா!"

"நடந்தே வந்துரலாம். நேரா வராத, நேரா பள்ளம். தெக்கால தள்ளி, பனமரத்த பாத்து வா!"

நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து உன்னுடையதோடு சேர்த்து இரண்டு முடிச்சுப் போட்டாய். "எங்க போனாலும் ரெண்டு பேரும்தான்" என்றாய். உன் முகத்தில் பயம் இல்லை என்று அப்போது நினைத்தேன்.

முட்டி, தொடை, இடுப்பு, மார்பு. தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்தது. நடுவில் என் காலடி மணல் சரிந்தது. காலுக்கு அடியில் ஒன்றுமில்லை. மூக்கு, வாய், காது எல்லாம் உப்பு. அப்போது என் காலுக்குக் கீழே கெட்டியாக ஏதோ கிடைத்தது. அதன்மேல் ஏறினேன்.

அது நீ.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சாமியிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. உன் தோளில் என் முட்டி இருந்தது. உன் உச்சந்தலையில் என் இரண்டு கையும் இருந்தன. என் மூக்கு காற்றில் இருந்தது, உன்னுடையது இல்லை. கீழே நீ திமிறுவது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் கையை எடுக்கவில்லை. முருகா என்றுகூட வாயில் வரவில்லை. இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் மேலே என்றுதான் உடம்பு கேட்டது. அந்த அம்மா நீந்தி வந்து என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். நான் நகர்ந்ததும் முடிச்சு உன்னையும் இழுத்துக்கொண்டு வந்தது. முடிச்சுப் போட்டிருக்காவிட்டால் அவள் என்னை மட்டும்தான் கரை சேர்த்திருப்பாள்.

கரையில் நீ குப்புற விழுந்து தண்ணீராகக் கக்கினாய். எழுந்து உட்கார்ந்து முடிச்சைப் பார்த்தாய். இழுத்தாய், வரவில்லை. சிவந்த கண்ணோடு சிரித்தாய்.

"நமக்குக் கல்யாணம் ஆயிடுச்சிடி. இனிமே உன் வூட்டுக்காரருக்கு வேற பொண்ணு பாக்கணும்."

அந்த அம்மா நம் பக்கத்தில் உட்கார்ந்து பறியில் இருந்த இறாலைச் சரிபார்த்துக்கொண்டே, "எந்த ஊரு?" என்று கேட்டாள். உத்திரமேரூர் என்றாய். "ஏரிக்காரங்களா. அதான் மதக தேடுனீங்களா" என்றாள். "இதுக்கு மதகு கெடையாதும்மா. தெனம் ரெண்டு வாட்டி ஏத்தம், ரெண்டு வாட்டி வத்தம். பௌர்ணமி, அமாவாசைன்னா இன்னும் ஜாஸ்தியா ஏறும். இனிமே வந்தா தண்ணி ஓரமா ஒரு குச்சி நட்டு வெச்சிக்கினு உக்காரு. குச்சிகிட்ட தண்ணி வந்துச்சா, சோத்த பாதில வுட்டுட்டாவது எழுந்துடு."

பௌர்ணமி என்று அவள் சொன்னபோது எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நிலா நன்றாக மேலே வந்து வெள்ளையாகியிருந்தது. நான் கேட்டதுதானே.

பஸ்ஸுக்கு நடந்தபோது நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். "அக்கா, உன் மேல நான்…" அதுவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தண்ணீரில் அது போய்விட்டிருந்தது. நீ முடிக்க விடவில்லை.

"ஏறுனது நீ இல்ல, உன் பயம். அத இங்கியே எறக்கி வுட்டுட்டு வா. பஸ்ஸு போயிடும்."

வீட்டில் கோயில் குளத்தில் முழுக்குப் போட்டோம் என்றாய். "ரெண்டு பேரும் புடவையோடயா?" என்றார் பெரியவர். "வேண்டுதல்னா புடவையோடதான்" என்றாய். மறுநாள் காலை பூஜை மாடத்தில் எரிகிற விளக்குக்குமேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாய். "யார்கிட்டயும் மூச்சு வுடக் கூடாது. சொன்ன, அதோட முடிஞ்சிது. சாகற வரிக்கும் ஞாயித்துக்கிழமயும் அடுப்புதான்."

மறுமாதமே நீ என்னை மறுபடி கூட்டிப்போனாய். வேறு ஊர், ஆனால் கடல்தான். துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சி நான்கை நீயே காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தாய். அதற்குப் பிறகு எத்தனை ஞாயிறு போனோமோ அத்தனை முறையும் குச்சி நட்டோம். நீ வழக்கம்போல அலையோரம் உட்கார்ந்தாய். நான் குச்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். குச்சியைப் பார்க்கும்போது உன்னைப் பார்க்க வேண்டியதில்லை.

ஒன்றே ஒன்றுதான் மாறியது. வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்து ஒருவருக்கொருவர் தலைக்கு ஊற்றிவிடுவோமே, அதை நீ நிறுத்திக்கொண்டாய். கேட்டால் சைனஸ் என்றாய். நான் நம்பினேன்.

கடல் உன்னை எடுக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பருப்பு கடைந்துகொண்டிருந்தவள் சுவரைப் பிடித்தாய். நான் ஓடி வருவதற்குள் உட்கார்ந்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் நெஞ்சுவலி என்றார்கள். உன் முன்னால் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான்தான் அணைத்தேன். அன்றைக்கு உன் பெயருக்கு நேரே போன நேரம் மட்டும் எழுதினேன். இரண்டாவது பத்தி அப்படியே கிடக்கிறது.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். விளக்குமேல் வைத்த கையை எடுக்கட்டுமா? சொல்லாமல் தடுக்கப் பார்த்தேன் அக்கா. கால்வலி என்றேன், வெயில் என்றேன், குழந்தைக்கு ஆகாது என்றேன். அவள் உன் மகள், நின்று கேட்பாளா? நான் சொல்லாவிட்டால் நாளைக்கு அவள் முட்டியளவுத் தண்ணீரில் ஐந்து வயசுக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவாள். நான் சொன்னால், ஏறுகிற தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. முடிச்சு எதற்கு என்று கேட்பாள். அதற்கப்புறம் என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிப்பாளா என்று எனக்குத் தெரியாது. விளக்கும் பயமாக இருக்கிறது, அவள் முகமும் பயமாக இருக்கிறது. ஆனால் கண்ணை மூடினால் அந்தக் குட்டியின் தலை அந்தத் தண்ணீருக்குமேல் எவ்வளவு உயரம் நிற்கும் என்றுதான் கணக்குப் போடுகிறேன். நிற்கவே நிற்காது.

அவள் எழுந்துவிட்டாள் போலிருக்கிறது. பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. போகிறேன்.

*

திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன். சாயங்கால விளக்கு வைத்தாகிவிட்டது. அணைந்துவிடுமோ என்று பார்த்தேன். ஆனால் விளக்கு நின்று எரிகிறது.

சொல்லிவிட்டேன் அக்கா. துணி துவைக்கிற கல்மேல் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மஞ்சள் பையை மடியில் வைத்துச் சொன்னேன். மதகு என்று கத்தியதைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கம்மாவா? கடல பாத்து மதக மூடுன்னாங்களா?" பிறகு மெல்லச் சிரிப்பு நின்றது. நான் பாதியில் நிறுத்தவில்லை. உன் தோளில் ஏறியதைச் சொன்னேன். கையை எடுக்காததைச் சொன்னேன்.

அவள் என் கையையே பார்த்தாள்.

"எவ்ளோ நேரம் சித்தி?"

"தெரியாதும்மா. அந்தம்மா வந்து இழுக்கற வரிக்கும்."

"அம்மா திமிறிச்சா?"

"திமிறிச்சி."

அவள் எழுந்து போய்விட்டாள். கிணற்றடியில் முதுகு காட்டி நின்றாள். நான் அந்தக் கல்லிலேயே கிடந்தேன். இவ்வளவுதான், இந்த வீட்டில் எனக்கு இனி இவ்வளவுதான் என்று இருந்தது. பிறகு அவள் திரும்பாமலே பேசினாள்.

"அதான் அம்மா தலைக்கு ஊத்திக்கவே மாட்டாங்க."

"சைனஸ்னு…"

"இன்னா சைனஸு. கதவத் தொறந்து வெச்சிக்கினு, என்னைய வெளிய நிக்க வெச்சி, பேசிக்கினே இருன்னுவாங்க. குனிஞ்சி ஒரு பக்கமா, கொஞ்சம் கொஞ்சமா. மூஞ்சில தண்ணி வுழுந்துச்சின்னா அலறிடுவாங்க. நான் காலேஜ் முடிக்கிற வரிக்கும் அவங்க குளிக்கும்போது வாசப்படில உக்காந்து கத சொல்லிக்கினு இருந்துக்கீறேன். சித்திக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லுவாங்க. ஏன்னு இப்பதான் தெரியுது."

நீ பயப்படாதவள் என்று நினைத்துத்தான் உன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தேன். மறுமாதமே நீ காகிதத்தில் சுற்றிய குச்சியோடு என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனபோது, வாளித் தண்ணீருக்கே அலறுகிறவள் அலையோரம் காலை நீட்டி உட்கார்ந்தபோது, உன் முதுகைத்தானே நான் பார்த்தேன். உன் முகம் எப்படி இருந்தது? இத்தனை ஞாயிறும் பத்தடி பின்னால் உட்கார்ந்து குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒருமுறை எழுந்து முன்னால் வந்து உன் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

உன் மகள் வந்து என் பக்கத்தில் கல்மேல் உட்கார்ந்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முடிச்சை எடுத்து அவிழ்க்க முடிகிறதா என்று நகத்தால் நோண்டிப் பார்த்தாள். முடியவில்லை. பைக்குள் போட்டாள்.

"கழி தாண்ட வேணாம். இந்தப் பக்கம் பனமரத்தடிலயே உக்காருவோம். ஏத்தம் எத்தினி மணிக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. குச்சிதான்."

"அப்ப குச்சி எடுத்துக்கோங்க" என்றாள்.

போவது முடிவாகிவிட்டது. உன் பேத்தி துடைப்பத்தைப் பிரித்துப் போட்டு ஈர்க்குச்சி உருவிக்கொண்டிருக்கிறாள். "இது எதுக்கு சின்னாயா?" என்றாள். கடலுக்கு என்றேன். "கடல அடிக்கவா?" என்றாள். காவலுக்கு என்றேன்.

பயம் போய்விட்டது என்று உனக்கு எழுதினால் அது பொய். நீ எங்கே இறக்கிவிடச் சொன்னாயோ அங்கே நான் அதை இறக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாகச் சுமக்கிறேன், நாளைக்கும் பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டுதான் போவேன். நீயும் உன்னுடையதை அங்கே இறக்கவில்லை என்று இன்று தெரிந்துகொண்டேன். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் தூக்கிக்கொண்டுதான் அத்தனை ஞாயிறும் போயிருக்கிறோம்.

நாளைக்கு உன் மகள் பனைமரத்தடியில் நீ உட்காருகிற மாதிரி உட்காருவாள். குச்சியைப் பார்த்துக்கொள்ளக் குட்டியிடம் சொல்லிவிடுவேன், அவளுக்குக் கண் கூர்மை. நான் பத்தடி பின்னால் உட்காரப் போவதில்லை. முன்னால் போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் முகம் தெரிகிற மாதிரி உட்காருவேன்.

நோட்டில் நாளைய பக்கத்தை இப்போதே கோடு போட்டுவிட்டேன். காலை ஆறே முக்கால் பஸ், மூன்று பேர். இரண்டாவது பத்தியை வந்துதான் எழுத வேண்டும்.